இரண்டாவது லென்ஸ் வாங்குவீர்களா என்பதே முதல் கேள்வி

பாக்கெட்டில் வைத்துக்கொள்ளும் காம்பாக்ட் கேமராவை வாங்குவதா, லென்ஸைக் கழற்றி மாற்றக்கூடிய, உள்ளே கண்ணாடி வைத்த பெரிய கேமராவான தொடக்க நிலை டி.எஸ்.எல்.ஆர்.-ஐ வாங்குவதா என்று கேட்டிருக்கிறீர்கள். மகள் எட்டு ஆண்டுகளாகப் பரதநாட்டியம் பயில்கிறாள், அடுத்த ஆண்டு அரங்கேற்றம் வைத்திருக்கிறீர்கள். ஆண்டுக்கு ஓரிரு முறை குடும்பத்தோடு வெளியூர் போகிறீர்கள். தை மாதத்தில் வேடந்தாங்கலுக்குப் போய்ப் பறவை பார்க்கும் வழக்கமும் இருக்கிறது. கையில் நல்ல செல்பேசி ஒன்று ஏற்கெனவே உண்டு. கடைக்காரர் இரண்டு லென்ஸ், தோள்பை, மெமரி கார்டு எல்லாம் சேர்ந்த டி.எஸ்.எல்.ஆர். தொகுப்பை எடுத்துக்கொள்ளச் சொல்கிறார், உங்கள் கணவரோ சின்ன கேமராவே போதும் என்கிறார். இருவர் சொல்வதிலும் பாதி சரி. எந்தப் பாதி என்பதைச் சொல்ல, கேமராவுக்குள் வெளிச்சம் எவ்வளவு நுழைகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

காம்பாக்ட் என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு சாதிக் கேமராக்கள் விற்கப்படுகின்றன. ஒன்று, 1/2.3 அங்குல வகை என்று குறிக்கப்படும் சென்சார் (வெளிச்சத்தைப் படமாகப் பதியும் சில்லு) கொண்டது. அதன் பரப்பு ஏறத்தாழ 28 சதுர மில்லிமீட்டர், அதாவது சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. மற்றொன்று, 2012-இல் வந்த சோனி ஆர்.எக்ஸ்.100 பரவலாக்கிய 1 அங்குல வகை; அதன் அளவு 13.2க்கு 8.8 மி.மீ., பரப்பு 116 சதுர மில்லிமீட்டர். (எதுவுமே ஓர் அங்குலம் இல்லாத இந்தச் சென்சாருக்கு ‘1 அங்குலம்’ என்ற பெயர் பழைய வீடியோ கேமராக் குழாய்களின் அளவுமுறையிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது, விளம்பரக்காரர்களுக்கு அதைத் திருத்தும் அவசரம் இல்லை.) தொடக்க நிலை டி.எஸ்.எல்.ஆர். கேமராக்களில் இருப்பது ஏ.பி.எஸ்.-சி வகைச் சென்சார், கேனனில் 22.3க்கு 14.9 மி.மீ., நிக்கானில் சற்றே பெரிது. பரப்பில் இது 1 அங்குல வகையைப்போல் மூன்று மடங்கு, சிறிய காம்பாக்டைப்போல் பன்னிரண்டு மடங்கு.

முதல் சாதியை உங்களைப் பொறுத்தவரை உடனே ஒதுக்கிவிடலாம். இன்றைய நல்ல செல்பேசிகளின் முதன்மைக் கேமராவில் உள்ள சென்சார் அதைவிடப் பெரியது. 2022-இல் வந்த ஷாவ்மி 12எஸ் அல்ட்ராவில் 1 அங்குல வகையையே வைத்துவிட்டார்கள். சிறிய காம்பாக்டிடம் மிஞ்சியிருக்கும் ஒரே வலிமை தொலைவை இழுத்துக் காட்டும் ஆப்டிகல் ஜூம்தான். அதற்கு வேடந்தாங்கல் வரும்போது திரும்புகிறேன்.

ஆக, உண்மையான போட்டி 1 அங்குல காம்பாக்டுக்கும் டி.எஸ்.எல்.ஆர். கேமராவுக்கும் இடையில்தான். சென்சார் மூன்று மடங்கு பெரியது என்றால் படமும் மூன்று மடங்கு நன்றாக இருக்கும் என்றுதான் எல்லாரும் எடுத்துக்கொள்கிறார்கள், கடைக்காரரும் அப்படித்தான் சொல்லியிருப்பார். ஆனால் மங்கிய வெளிச்சத்தில் படத்தின் தரத்தைச் சென்சார் தனியாகத் தீர்மானிப்பதில்லை. அந்தச் சென்சாருக்கு முன்னால் இருக்கும் லென்ஸின் திறப்பு எத்தனை மில்லிமீட்டர் அகலம் என்பதும் சேர்ந்துதான் தீர்மானிக்கிறது. இந்த அகலத்தைக் கணக்கிடுவது எளிது: லென்ஸின் மேல் மி.மீ.-இல் எழுதியிருக்கும் குவியத் தூரத்தை, ‘எஃப்/’ என்று குறிக்கப்படும் எஃப் எண்ணால் வகுத்தால் போதும். டி.எஸ்.எல்.ஆர். கேமராவோடு பெட்டியில் வரும் 18-55 மி.மீ. லென்ஸ் அகலக் கோணத்தில் எஃப்/3.5, 18-ஐ 3.5-ஆல் வகுத்தால் திறப்பு 5.1 மி.மீ. கேனன் ஜி7எக்ஸ் மார்க் 2 என்ற 1 அங்குல காம்பாக்டின் லென்ஸ் 8.8 மி.மீ.-இல் எஃப்/1.8, திறப்பு 4.9 மி.மீ. ஏறக்குறைய சமம். ஜூம் செய்த நிலையில் பெட்டி லென்ஸின் 55 மி.மீ. எஃப்/5.6 திறப்பு 9.8 மி.மீ.; காம்பாக்டின் 36.8 மி.மீ. எஃப்/2.8 திறப்பு 13.1 மி.மீ. அந்த இடத்தில் காம்பாக்ட் இன்னும் கொஞ்சம் நெருக்கமாகக் காட்டுகிறது என்பதைக் கழித்துப் பார்த்தாலும் சின்ன கேமராவே முந்துகிறது.

இதன் பொருள் பலருக்கும் கசப்பானது. பெட்டியில் வந்த லென்ஸைக் கழற்றாமலே டி.எஸ்.எல்.ஆர். கேமராவை வைத்திருப்பவர், 620 முதல் 680 கிராம் வரை எடையைத் தோளில் சுமந்துகொண்டு, 319 கிராம் எடையுள்ள ஜி7எக்ஸ் தரும் இருட்டுப் படத்துக்கு மேல் எதையும் பெறுவதில்லை. நல்ல பகல் வெளிச்சத்தில் பெரிய சென்சார் வானத்தின் மேகத்தையும் மரத்தடி நிழலையும் ஒரே படத்தில் சற்றுக் கூடுதலாகத் தாங்கிப் பிடிக்கும் என்பது உண்மை. கண்ணாடி வழியாக நேரே பார்க்கும் வியூஃபைண்டர் உச்சி வெயிலில் பெரிய உதவி என்பதும் உண்மை. ஆனால் இவற்றுக்காக மட்டும் ஒருவர் டி.எஸ்.எல்.ஆர். வாங்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். தெரிந்தவர் வீடுகளில் அலமாரிக்குள் உறங்கும் டி.எஸ்.எல்.ஆர். கேமராக்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவற்றில் பெரும்பாலானவற்றின் முனையில் வாங்கிய நாளன்று மாட்டிய அதே 18-55 லென்ஸ்தான் இருந்தது.

டி.எஸ்.எல்.ஆர். கேமராவுக்கு வலிமை வருவது இரண்டாவது லென்ஸிலிருந்துதான். அதிலும் கடைக்காரர் தொகுப்பில் சேர்த்துத் தரும் இரண்டாவது லென்ஸைச் சொல்லவில்லை. விலை குறைந்த 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸைச் சொல்கிறேன். கேனனின் 50 மி.மீ. எஸ்.டி.எம். லென்ஸ் 2015-இல் வந்தது, எடை 160 கிராம், ஜூம் கிடையாது. அதன் திறப்பு 27.8 மி.மீ. அதே 50 மி.மீ. நிலையில் பெட்டி லென்ஸின் திறப்பு 9 மி.மீ. கூட இல்லை. பரப்பாகப் பார்த்தால் ஏறத்தாழ பத்து மடங்கு வெளிச்சம் கூடுதலாக உள்ளே வருகிறது. இந்தப் பத்து மடங்கை எந்தப் பாக்கெட் கேமராவின் ஜூம் லென்ஸாலும் தர இயலாது. அவ்வளவு பெரிய கண்ணாடி வைத்தால் அது பாக்கெட்டில் நுழையாது.

உங்கள் மகளின் நடனத்துக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். கோயில் மண்டபத்து நவராத்திரி நிகழ்ச்சியிலோ பள்ளி ஆண்டு விழாவிலோ மேடை விளக்கு கண்ணுக்குப் பளிச்சென்று தெரிந்தாலும் கேமராவுக்கு அது இருட்டுதான். சென்சாரின் உணர்திறனைக் குறிக்கும் ஐ.எஸ்.ஓ.-வை 1600-இல் வைத்து, பெட்டி லென்ஸின் எஃப்/5.6 திறப்பில் சரியான வெளிச்ச அளவுக்கு ஷட்டர் வேகம் 1/25 நொடி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த வேகத்தில் அரைமண்டியில் அசையாமல் நிற்கும் கணம் மட்டும் தெளிவாக விழும். அடவு செய்யும் கையும் காலும் புகையாகிவிடும். லென்ஸில் உள்ள அதிர்வுத் தடுப்பு இங்கே உதவாது, ஏனென்றால் அது உங்கள் கை நடுக்கத்தைத் தான் சரிசெய்யும், ஆடுபவரின் வேகத்தை நிறுத்தாது. அதே இடத்தில் 50 மி.மீ. லென்ஸை எஃப்/1.8-க்குத் திறந்தால் ஷட்டர் வேகம் 1/250 ஆகிறது. தட்டடவில் கால் தரையைத் தொடும் கணத்தை 1/250 பிடித்துவிடும். ஜதி முடிந்து தீர்மானத்தில் சுழலும்போது பறக்கும் குஞ்சலத்துக்கு 1/500 தேவைப்படும், அப்போது ஐ.எஸ்.ஓ.-வை 3200-க்கு ஏற்றிக்கொள்ளலாம். ஏ.பி.எஸ்.-சி சென்சார் அதைப் பெரிய சேதமில்லாமல் தாங்கும்.

ஜூம் இல்லாத லென்ஸை வைத்துக்கொண்டு மேடையை எப்படிச் சமாளிப்பது என்று நீங்கள் கேட்கலாம். கேனன் ஏ.பி.எஸ்.-சி கேமராவில் 50 மி.மீ. லென்ஸ், பழைய ஃபிலிம் கேமராவின் 80 மி.மீ. லென்ஸுக்கு ஈடான கோணத்தைத் தருகிறது. மேடையிலிருந்து 8 மீட்டர் தொலைவில் உட்கார்ந்து கேமராவைக் கிடைமட்டமாகப் பிடித்தால் படச் சட்டத்துக்குள் ஏறத்தாழ 2.4 மீட்டர் உயரம் அடங்கும். தலைசாமான் முதல் சலங்கை வரை முழு உருவமும் வந்து, தூக்கிய கைக்கும் இடம் இருக்கும். செங்குத்தாகப் பிடித்தால் 5 மீட்டரிலேயே முழு உருவம் அடங்கிவிடும். ஆகவே மூன்றாவது நான்காவது வரிசையில் நடைபாதையை ஒட்டிய நாற்காலி ஒன்றைப் பிடித்துக்கொண்டால் போதும். மேடையின் பின்திரை கருப்பாக இருந்தால் கேமரா ஏமாந்து முகத்தை வெளுக்கச் செய்யும் என்பதால் படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் திருத்தத்தை -1-க்கு இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சின்ன கேமரா வெல்லும் ஓர் இடம் இதே அரங்கில் உண்டு. டி.எஸ்.எல்.ஆர். ஒவ்வொரு முறையும் கண்ணாடியைத் தூக்கி இறக்குவதால் ‘டக்’ என்ற சத்தம் வரும். ஆட்டத்தில் ஜதிச் சத்தத்துக்கு நடுவே அது தெரியாது, ஆனால் பதத்தில் நட்டுவனாரும் அடங்கி, பாடுபவர் ஒரு வரியை இழுத்து நிறுத்தும் இடத்தில் முன்வரிசையில் இருந்து அந்தச் சத்தம் எழுந்தால் பக்கத்து நாற்காலியில் இருப்பவர் திரும்பிப் பார்ப்பார். 1 அங்குல காம்பாக்டுகளில் ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே இருப்பதால் சத்தம் ஏறக்குறைய இல்லை. ஆட்களைப் படமெடுப்பதிலும் அப்படித்தான். பெரிய கேமராவைத் தூக்கியதும் பாட்டி முந்தானையைச் சரிசெய்துகொண்டு விறைப்பாக உட்கார்ந்துவிடுவார். சின்னதைக் கண்டு யாரும் பேச்சை நிறுத்துவதில்லை.

பயணத்துக்கு உங்கள் கணவர் சொல்வதே சரி, ஆனால் அவர் எண்ணும் காரணத்துக்காக அல்ல. எடை ஒரு பக்கம் இருக்கட்டும். பகல் வெளிச்சத்தில் கோபுரத்தையும் மலையையும் குடும்பத்தையும் எடுப்பதற்கு உங்களிடம் உள்ள செல்பேசியே ஏறக்குறைய எல்லாவற்றையும் செய்துவிடுகிறது என்பதால், பயணத்துக்காகத் தனியாக எந்தக் கேமராவையும் வாங்க வேண்டிய தேவை இல்லை. அங்கே காம்பாக்டுக்கு எதிரி டி.எஸ்.எல்.ஆர். அல்ல, உங்கள் பையில் இருக்கும் செல்பேசி.

கடற்கரைக்கு எடுத்துச் செல்லும் எண்ணம் இருந்தால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். காம்பாக்டின் லென்ஸ் ஒவ்வொரு முறையும் குழாய் குழாயாக வெளியே நீண்டு மீண்டும் உள்ளே சுருங்குவதால், அந்த இடுக்கு வழியாகத் தூசியையும் மணலையும் உள்ளே இழுத்துக்கொள்கிறது. மாமல்லபுரத்தில் ஒரு மாலை நேரத்துக் காற்றில் என் காம்பாக்டின் லென்ஸ் பாதியில் கரகரத்து நின்றது. பழுது பார்க்கக் கொண்டுபோன இடத்தில் லென்ஸ் பகுதியை முழுதாக மாற்ற வேண்டும் என்றார்கள், கேட்ட தொகைக்குப் பழைய கேமரா ஒன்றே வாங்கியிருக்கலாம். டி.எஸ்.எல்.ஆர். கேமராவிலும் லென்ஸ் மாற்றும்போது சென்சாரில் தூசி விழும், ஆனால் ரப்பர் ஊதியால் ஊதி எடுத்துவிட முடியும். இரண்டுக்கும் பொதுவான பகை நம் ஊர்க் காற்றின் ஈரம். மழைக்காலம் முழுதும் தோல் பைக்குள் பூட்டி வைத்த லென்ஸில் பூஞ்சை வலை பின்னிவிடும். இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களும் போதும். கேமராவோடு இலவசமாகத் தரும் அந்தப் பையை மட்டும் பெட்டகமாகப் பயன்படுத்தாதீர்கள்.

இனி வேடந்தாங்கல். கரையில் நின்று ஏரிக்குள் இருக்கும் கடப்ப மரங்களில் கூழைக்கடாவும் நத்தைகுத்தி நாரையும் கூடு கட்டியிருப்பதை எடுப்பதென்றால் தொலைவுதான் சிக்கல், வெளிச்சம் அல்ல. டி.எஸ்.எல்.ஆர். தொகுப்பில் தரும் 55-250 மி.மீ. லென்ஸ் கேனனில் 400 மி.மீ.-க்கு ஈடாகும், தனிப் பறவைக்கு அது குறைவு. சற்று முன் ஒதுக்கிய சிறு சென்சார் சாதியில் கேனன் எஸ்.எக்ஸ்.740 ஹெச்.எஸ். 299 கிராம் எடையில் இதே ஈட்டுக் கணக்கில் 960 மி.மீ. வரை இழுக்கிறது, பாக்கெட்டுக்கு அடங்காத நிக்கான் பி900 ஏறத்தாழ 900 கிராம் எடையில் 2000 மி.மீ. வரை இழுக்கிறது. காலை வெயிலில் கிளையில் அமர்ந்திருக்கும் நாரையின் அலகுக்கு நடுவே உள்ள இடைவெளியை நீங்கள் காண விரும்பினால் இவைதான் காட்டும்; இதைச் சொல்ல டி.எஸ்.எல்.ஆர். பிரியர்களுக்கு மனம் வராது. ஆனால் அந்தப் பறவை சிறகை விரித்துக் கிளம்பிய கணத்திலிருந்து ஆட்டம் மாறிவிடும். அவ்வளவு நீண்ட ஜூமில் பறக்கும் பறவையைச் சட்டத்துக்குள் வைத்திருப்பதே கடினம், அதன் மீது குவியம் பிடித்துப் படமாக்குவதற்குள் அது அடுத்த மரத்துக்குப் போயிருக்கும். டி.எஸ்.எல்.ஆர். கண்ணாடிக்குக் கீழே குவியத்துக்கென்றே தனிச் சென்சார் வைத்திருப்பதாலும் நேரே கண்ணால் பின்தொடர முடிவதாலும், பறப்பதை எடுக்க 250 மி.மீ. கூடப் பயன்படும்.

டி.எஸ்.எல்.ஆர். என்றே முடிவு செய்தாலும் காலத்தைக் கவனிக்க வேண்டும். 2020-க்குப் பிறகு கேனனும் நிக்கானும் புதிய டி.எஸ்.எல்.ஆர். மாதிரி எதையும் கொண்டுவரவில்லை. நிக்கானின் கடைசித் தொடக்க நிலைக் கேமராவான டி3500 வந்தது 2018-இல். இருவருமே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராக்களுக்கு மாறிவிட்டார்கள். கேனன் ஆர்50 போன்றவை 375 கிராமுக்குள், முகத்தையும் கண்ணையும் தாமே தேடிக் குவியும். புதிதாக வாங்கும் பணம் இருந்தால் இன்று அந்தப் பக்கம்தான் போகச் சொல்வேன். ஆனால் உங்களைப் போன்றோருக்கு இந்த மாற்றத்தால் வேறு ஒரு நன்மை கிடைத்திருக்கிறது: எல்லாரும் மாறுவதால் நல்ல நிலையில் உள்ள டி.எஸ்.எல்.ஆர். கேமராக்களும், 1987 முதல் வரும் கேனன் இ.எஃப். லென்ஸ்களும், 1959 முதல் வரும் நிக்கான் எஃப் லென்ஸ்களும் பழைய பொருள் சந்தையில் குவிந்து கிடக்கின்றன.

அங்கே வாங்கும்போது ஏமாறும் இடங்கள் சில உண்டு. நிக்கானின் டி3000, டி5000 வரிசைகளில் குவிய மோட்டார் கேமராவுக்குள் இல்லை, ஆகவே ஏ.எஃப்.-எஸ். அல்லது (புதிய மாதிரிகளில் மட்டும்) ஏ.எஃப்.-பி. என்று எழுதியிருக்கும் லென்ஸ்கள் மட்டுமே தானாகக் குவியும், மலிவாகக் கிடைக்கும் பழைய ஏ.எஃப்.-டி. லென்ஸைக் கையால்தான் திருப்ப வேண்டும். கேனன் 1500டி, 200டி மார்க் 2 ஆகியவற்றில் ஃபிளாஷ் மாட்டும் இடத்தின் நடு முனை எடுக்கப்பட்டிருப்பதால் பொதுவான மலிவு ஃபிளாஷ்கள் மின்னாது, கேனனுக்கென்று செய்தவையே வேலை செய்யும். நடனத்தை வீடியோவாகவும் எடுக்க விரும்பினால் 200டி மார்க் 2-ஐத் தேடுங்கள். திரையைப் பார்த்து எடுக்கும்போது வேகமாகக் குவியும் டூயல் பிக்சல் சென்சார் அதில் உண்டு, 1500டி-இல் இல்லை. லென்ஸை வாங்கும் முன் பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்து உள்ளே சிலந்திவலை போன்ற பூஞ்சை இருக்கிறதா என்று பாருங்கள்.

ஆக, உங்கள் வீட்டுக்கு நான் சொல்வது இதுதான். கடைக்காரரின் இரட்டை லென்ஸ் தொகுப்பு வேண்டாம். பழைய 200டி மார்க் 2 ஒன்றையும் 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸையும் வாங்குங்கள், பெட்டி லென்ஸ் சேர்ந்து வந்தால் வரட்டும். பயணத்துக்குச் செல்பேசி. பறவை ஆர்வம் இரண்டு தை மாதம் தாண்டியும் நீடித்தால் அப்போது 55-250 லென்ஸைத் தேடலாம். 50 மி.மீ. லென்ஸை இந்த ஆண்டுக்குள் வாங்க மாட்டீர்கள், லென்ஸ் மாற்றுவதே தொல்லை என்று இப்போதே மனத்தில் தோன்றுகிறதென்றால், கூச்சப்படாமல் கணவர் சொல்லும் 1 அங்குல காம்பாக்டை வாங்கிவிடுங்கள். அதில் ஒரு குறையும் இல்லை, நாளொன்றுக்கு 250 படத்துக்கு மேல் எடுத்தால் இன்னொரு பேட்டரி வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

ஒன்றை மட்டும் தாயாக நீங்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். அரங்கேற்ற நாளன்று விருந்தினரை வரவேற்பதும், உடை மாற்றத்துக்கு உள்ளே ஓடுவதும், குருவுக்கு மரியாதை செய்வதும் உங்கள் வேலையாக இருக்கும். அன்று கேமராவைத் தொட உங்களுக்கு நேரம் இராது, அதற்குத் தொழில்முறைப் படக்காரர் ஒருவரை ஏற்பாடு செய்துவிடுங்கள். உங்கள் கேமராவின் நாள் அதற்கு முந்தைய வாரங்களில் இருக்கிறது. சலங்கை பூஜையும், பயிற்சிப் புடவையில் நடக்கும் ஒத்திகைகளும் எந்தப் படக்காரருக்கும் கிடைக்காதவை. முதல் ஒத்திகையிலேயே 1/250, எஃப்/1.8, ஐ.எஸ்.ஓ. 1600 என்று வைத்து, நடுக் குவியப் புள்ளியை மட்டும் தேர்ந்துகொண்டு, அதை அவள் கண்ணின் மீது நிறுத்தி ஐம்பது படம் எடுத்துப் பாருங்கள்; எத்தனை படத்தில் கை மங்கியிருக்கிறது என்று பார்த்து மறு ஒத்திகைக்கு ஷட்டர் வேகத்தை ஏற்றிக்கொள்ளலாம்.